தெரிவிக்கப்பட்டது

1983இல் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தேன். சமூகப்பணி முதுகலை முடித்துவிட்டு நேரே வந்த வேலை. ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அந்தச் சட்டம் போட்ட நாற்காலிதான் என்னுடையது. கேண்டீன், குழந்தைகள் காப்பகம், லீவுத் தகராறு, பி.எஃப். கடன், இவற்றோடு நோட்டீஸ் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. தமிழ் நன்றாக எழுதுவேன் என்று யாரோ மேனேஜரிடம் சொல்லியிருந்தார்கள்.

சேர்ந்த நாலாம் மாதம், ஸ்பின்னிங்கில் ஆறு ஃபிரேம்களைப் பிரித்து ஓவர்ஹாலிங் செய்ய வேண்டியிருந்தது. பத்து நாள் வேலை. அந்த ஃபிரேம்களில் நிற்கும் சைடர்களை ரீலிங்குக்கும் மற்ற ஃபிரேம்களுக்கும் மாற்றிவிட ஏற்பாடு செய்திருந்தோம். ஒருவருக்கும் ஒரு ரூபாய் குறையாது. நான் எழுதிய நோட்டீஸ் இது: “ஸ்பின்னிங் பிரிவில் 7 முதல் 12 வரையிலான எண்ணுள்ள ஃபிரேம்களின் வேலை, மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது.” ஆங்கிலத்திலும் தமிழிலும் டைப் அடித்து, மேனேஜர் கையெழுத்தோடு கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டினோம். கோப்பில் “தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று இரவு 12 மணி ஷிப்டு உள்ளே வரவில்லை. சங்கு ஊதி அரைமணி ஆகியும் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். என்னை வீட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். ஃபிரேம்களை விற்கப்போகிறார்கள், பதிலி ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், அடுத்தது மில்லே மூடப்படும் என்று பேச்சு. நான் ஓவர்ஹாலிங் என்று விளக்கினேன். நம்பவில்லை. ரீலிங்கில் இருபது வருஷம் வேலை செய்த ஓர் அம்மா முன்னால் வந்து சொன்னார்: “ஏனுங் தம்பி, நிறுத்தி வைக்கிறதுன்னா ஆளை நிறுத்தறதுங்க. ஃபிரேமை நிறுத்தறதுக்கு யாருங்க நோட்டீஸ் ஒட்டுவாங்க?”

அந்த அம்மா சொன்னது முழுக்கச் சரி. ‘மறு உத்தரவு வரும்வரை’, ‘நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்ற இரண்டு தொடரையும் அவர்கள் அதுவரை பார்த்திருந்தது சஸ்பென்ஷன் உத்தரவில் மட்டும்தான். அந்த வட்டாரத்தில் மில் மூடுவது என்பது கதையில் வரும் சங்கதியும் இல்லை. நலிந்துபோன பஞ்சாலைகளை 1974இல் மத்திய அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டபோது, அதற்கு முன் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் கிடந்த குடும்பங்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அந்த நினைவோடு என் வரியைப் படித்தால் வேறு பொருளே வராது. ஒரு ஷிப்டு முழுவதும் மில் நின்றது. மறுநாள் அதே பலகையில், “7 முதல் 12 வரை ஃபிரேம்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறோம். பத்து நாளில் மறுபடி ஓடும். யாருக்கும் வேலை போகாது, சம்பளம் குறையாது” என்று கையால் எழுதி ஒட்டினேன். நாலு வரி. முதல் நாளே அதை எழுத என்னைத் தடுத்தது எது என்று யோசித்தபோதுதான் நிறுவனத் தொடர்பாடலைப் பற்றி முதன்முறையாக யோசிக்கத் தொடங்கினேன்.

பத்து வருஷம் கழித்து ஒரு கல்லூரியில் மேலாண்மை மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். பாடம், நிறுவனத் தொடர்பாடல். முதல் அலகின் தலைப்பு ‘அடிப்படைக் கருத்துகளை வரையறுத்தல்’. பாடநூல் எதுவாக இருந்தாலும் முதல் பக்கத்தில் ஒரே படம்தான்: அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், நடுவில் இரைச்சல், கீழே வளைந்து திரும்பும் ஓர் அம்புக்குறியாகப் பின்னூட்டம். மாணவர்கள் அதைப் பத்து நிமிஷத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்தப் படம் என் நோட்டீஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அனுப்புநர் நான், பலகை ஊடகம், படித்தவர்கள் பெறுநர்கள். எழுத்துப் பிழைகூட இல்லை. படத்தின்படி தொடர்பாடல் நடந்தேறிவிட்டது.

படத்தின் வேர் 1948இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அவர் பெல் ஆய்வகத்தில் இருந்த கணித அறிஞர், பொறியாளர். கம்பி வழியே அனுப்பும் குறிகள் மறுமுனையில் பிசகாமல் வந்து சேர வேண்டும் என்பது அவருடைய கவலை. அந்தக் குறிகளுக்கு என்ன பொருள் என்பது தன் பொறியியல் கணக்கில் சேராது என்று அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் ஒதுக்கிவைத்ததை மறந்துவிட்டு அந்தப் படத்தை மட்டும் மனிதர்கள் வேலை செய்யும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தது பின்னால் வந்தவர்களின் தவறு. பொருள் இல்லாத தொடர்பாடல் தொலைபேசிக் கம்பிக்குப் போதும், மில் கேட்டுக்குப் போதாது.

எனக்குப் பொருந்திய வரையறை அதற்குப் பத்து வருஷம் முன்னால் வந்த புத்தகத்தில் கிடைத்தது. 1938இல் செஸ்டர் பர்னார்டு எழுதிய நிர்வாகியின் பணிகள் பற்றிய நூல். நியூஜெர்சி பெல் தொலைபேசி நிறுவனத்தின் தலைவராக இருந்துகொண்டே எழுதியவர். ஓர் உத்தரவுக்கு அதிகாரம் வருவது, கொடுப்பவரின் பதவியால் இல்லை, வாங்கிக்கொள்பவர் அதை ஏற்பதால்தான் என்கிறார். ஏற்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைக்கிறார். அது அவருக்குப் புரிய வேண்டும். நிறுவனத்தின் நோக்கத்துக்கு அது முரணில்லை என்று அவர் நம்ப வேண்டும். அவருடைய சொந்த நலனோடு அது ஒத்துப்போக வேண்டும். அதைச் செய்ய அவருக்கு உடலும் மனமும் இடம் கொடுக்க வேண்டும். என் நோட்டீஸை இந்த நான்கிலும் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்றிலும் தோற்றிருந்தது.

சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘தகவல் தொடர்பு’ என்கிறோம். அது தொலைபேசித் துறைக்கும் பொருந்துகிறது, அரசின் செய்தித் துறைக்கும் பொருந்துகிறது. இலங்கைத் தமிழர்கள் ‘தொடர்பாடல்’ என்கிறார்கள். உரையாடல் போல, கலந்துரையாடல் போல, இரண்டு பக்கமும் இருந்தால்தான் நடக்கும் ஒரு செயல் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. என் வகுப்பில் நான் அதையே வைத்துக்கொண்டேன்.

இரைச்சல் என்பதை நான் புத்தகத்தில் கற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ரிங் ஃபிரேம் ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. விசில், கைச்சைகை, உதட்டசைவு, இவற்றால்தான் வேலை நடக்கும். ஒரு நாள் மாலை நாலு மணிக்கு ஷிப்டு மாறும் நேரம். முதல் ஷிப்டு மேஸ்திரி 17ஆம் ஃபிரேமை 40ஆம் நம்பர் நூலிலிருந்து 60ஆம் நம்பருக்கு மாற்றி முடித்திருந்தார். ஃபிரேம் ஓடத் தொடங்குவதற்குள் சங்கு ஊதிவிட்டது. பாபின் மாற்றும் வேலை மட்டும் பாக்கி; எங்கள் மில்லில் 40க்குச் சிவப்பு பாபின், 60க்குப் பச்சை. போகிற போக்கில் அடுத்த ஷிப்டு மேஸ்திரியிடம், “பதினேழு அறுபதாயிருச்சு, பச்சை போட்டுருங்க” என்று கத்தினார். அவர் காதில் ‘பதினெட்டு’ என்று விழுந்தது. தலையை ஆட்டினார்.

மூன்று வாரம் கழித்து சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து மேனேஜர் மேஜைமேல் விரித்தார். துணி நெடுக ஒல்லியும் தடிமனுமாக வரி விழுந்திருந்தது. 40ஆம் நம்பர் நூல் பச்சை பாபினில் ஏறி, 60ஆம் நம்பர் கோனோடு கலந்துபோயிருந்தது. இரண்டு மேஸ்திரிகளுக்கும் மெமோ கொடுக்கச் சொன்னார்கள். விசாரணை நடத்தியது நான். ஒருவர், “நான் சொன்னேனுங்க” என்றார். இன்னொருவர், “நான் கேட்டேனுங்க” என்றார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தலையாட்டலுக்கு ஒருவர் வைத்திருந்த பொருள் ‘புரிந்தது’. மற்றவர் வைத்திருந்த பொருள் ‘சத்தம் காதில் விழுந்தது’. தண்டனை வேண்டாம் என்று அறிக்கை எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் மாமா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அவரிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் வேலையில் இதற்கென்றே இருக்கும் ஒரு வழக்கத்தை விளக்கினார். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டியை அனுப்பத் தொலைபேசியில் அனுமதி கேட்டால், ‘சரி’ என்ற வாய்ச்சொல் போதாது. அனுமதி கொடுப்பவர் தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்று பெயர். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எண் எழுதப்படாத அனுமதி, அனுமதியே ஆகாது. “தூக்கக் கலக்கத்துல கூட ‘சரி சரி’ன்னு சொல்லிடலாம்டா. நம்பரை அப்படிச் சொல்ல முடியாது” என்றார் மாமா.

பின்னூட்டம் என்ற கருத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஃபிரேம் தலைப்பிலும் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டச் செய்தோம். ஓடும் நம்பரைச் சாக்பீஸால் எழுத வேண்டும். கை மாறும்போது இரண்டு மேஸ்திரிகளும் ஒன்றாக நடந்துபோய் எழுதியதை வாசிக்க வேண்டும். பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அவர்களே அதை விடவில்லை.

அந்தப் பத்து நிமிஷம் வீண் என்று வாதாடிய ஓர் அதிகாரிக்கு நான் டெனரீஃப் விபத்தைச் சொன்னேன். 1977 மார்ச் 27. பனிமூட்டம் போர்த்திய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட்டுகள் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானத்தின் விமானி ‘டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருளில் சொன்னதை, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து வந்த ‘ஓகே’ என்ற சொல் மட்டும் விமானி காதில் தெளிவாக விழுந்தது. அதைத் தொடர்ந்த எச்சரிக்கை, வேறொரு விமானத்தின் பேச்சு குறுக்கே வந்ததால் மூழ்கிப்போனது. அதற்குப் பிறகுதான், ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் அன்றி வேறெப்போதும் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு வானூர்தித் துறையில் உறுதியானது.

மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், பக்கவாட்டு என்று பாடநூல்கள் திசை பிரிக்கும். கீழிருந்து மேலே போகும் செய்தியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதில்தான் நாங்கள் ஒரு நாள் எரிந்துபோக இருந்தோம்.

பஞ்சுப் பேலைப் பிரிக்கும் ப்ளோரூமில் பஞ்சோடு ஆணியும் பேல் கட்டிய தகட்டுத் துண்டும் உள்ளே போய்விடும். பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரில் அது பட்டால் பொறி பறக்கும். அதைத் தடுக்கப் பஞ்சு போகும் குழாயில் காந்தம் வைத்திருப்பார்கள். எங்கள் ப்ளோரூமில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டென்டர் ஒருவர் காந்தம் பிடிப்பு இழந்துவிட்டது, தகடு உள்ளே போகிறது, தீப்பிடிக்கும் என்று தன் மேஸ்திரியிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மேஸ்திரி சூப்பர்வைசரிடம், “காந்தத்தைக் கொஞ்சம் பார்க்கணுமுங்க” என்றார். சூப்பர்வைசர் ஸ்பின்னிங் மாஸ்டரிடம், “ப்ளோரூம்ல சில்லறை வேலை இருக்கு, ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்” என்றார். மேனேஜரின் காலைக் கூட்டக் குறிப்பில் இருந்தது: “ப்ளோரூம் - சரி.” நாலு பேர் வாய் மாறுவதற்குள் ‘தீப்பிடிக்கும்’ என்பது ‘சரி’ ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வியாழக்கிழமை தீப்பிடித்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சும் ஒரு மெஷினும் போயின. அந்த டென்டருக்குக் கையில் தீக்காயம்.

இடையில் இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் மேலே இருப்பவரின் முகம் கோணாமல் சொல்லப் பார்த்தார்கள். உற்பத்தி குறையும் என்ற செய்தியைக் கொண்டுபோனவனைத் திட்டி அனுப்பும் வழக்கம் எங்கள் மில்லில் இருந்தது. ஒரு வருஷம் கழித்து, 1986 ஜனவரி 28இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதன் விசாரணைச் செய்திகளைப் படித்தபோது எனக்கு ப்ளோரூம்தான் தெரிந்தது. ராக்கெட்டின் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் தோற்றுப்போனால் பேரழிவு வரும் என்று ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற பொறியாளர் ஆறு மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏவுவதற்கு முந்தின இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்திலும், குளிரில் ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். அவர்களுடைய நிர்வாகிகளே அதைத் தள்ளிவிட்டார்கள்.

அதே நாசாவில் அதற்கு இருபது வருஷம் முன்பு வேறொரு பழக்கம் இருந்திருக்கிறது. ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரவுன் அதன் மார்ஷல் மையத்தின் தலைவராக இருந்தபோது, தனக்கு நேர் கீழே இருப்பவர்களைத் தாண்டி, அதற்கும் அடுத்த படியில் இருந்தவர்களிடமிருந்து வாரம் ஒரு பக்கம் குறிப்பு வாங்கினார். திங்கட்கிழமை மேஜைக்கு வரும். ஓரத்தில் தன் கையால் கேள்வியும் பாராட்டும் எழுதி, எல்லாவற்றையும் நகல் எடுத்து எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். பிலிப் டாம்ப்கின்ஸ் என்ற ஆய்வாளர் அங்கே போயிருந்து இதைப் பதிவு செய்தார். அதைப் படித்துவிட்டு நான் எங்கள் மில்லில் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினேன். டென்டரும் சைடரும் சொல்வதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதுவேன். நடுவில் யார் கையும் படாமல் சனிக்கிழமை மேனேஜர் மேஜைக்குப் போகும். அவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பதில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. புதிதாக வந்த மேனேஜர் அதற்கு ஒப்புக்கொண்டார். எட்டு வருஷத்தில் பதினோரு நோட்டு நிரம்பியது. அதற்கு முன் வாட்ச்மேன் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்த யோசனைப் பெட்டியில் ஒரு சீட்டுகூட விழுந்ததில்லை.

அந்த நோட்டுக்காகத்தான் கேட்கக் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவில் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928இல் தொடங்கி இருபத்தோராயிரம் தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். முதலில் பட்டியல் வைத்துக் கேள்வி கேட்டார்கள். தொழிலாளர்கள் பட்டியலை விட்டு வேறெதையோ பேசினார்கள். அந்த வேறெதுதான் விஷயம் என்று புரிந்ததும் பட்டியலைக் கைவிட்டு, பேசவிட்டுக் கேட்டார்கள். தமிழில் ‘கேள்’ என்ற ஒரே சொல் வினவுவதற்கும் செவி கொடுப்பதற்கும் நிற்கிறது. திருக்குறளின் ‘கேள்வி’ அதிகாரம் முழுவதும் செவி கொடுப்பது பற்றித்தான். நாம் அந்தச் சொல்லை வினாவுக்கு மட்டும் சுருக்கிவிட்டோம். அலுவலகங்களும் அப்படித்தான் சுருங்கின.

முறைசாராத் தொடர்பாடலைக் குறிக்கும் ‘கிரேப்வைன்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு பாடநூலில் ‘திராட்சைக்கொடி’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். எந்தத் தமிழ் மாணவனுக்கும் அது விளங்காது. எங்கள் பக்கத்தில் ‘காத்துவாக்குல வந்த சேதி’ என்போம், அதையே வைக்கலாம். போனஸ் எத்தனை சதவீதம் என்பது நான் நோட்டீஸ் எழுதும் முன்பே கேண்டீனில் இருக்கும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். செய்தி கேட்ட எல்லோரும் பரப்புவதில்லை, ஒரு சிலரே பரப்புகிறார்கள் என்று 1953இல் கீத் டேவிஸ் எழுதினார். எங்கள் மில்லில் அந்தச் சிலர் யார் என்று எனக்குத் தெரியும். டைம் ஆபீஸ் பியூன், கேண்டீன் மாஸ்டர், பாபின் வண்டி தள்ளுபவர். எல்லாப் பிரிவுக்கும் கால் போகும் வேலை அவர்களுடையது. மேலாளர்கள் அவர்களை வம்புக்காரர்கள் என்றார்கள். பலகை உண்மையைச் சொல்லாத இடத்தில் செய்தியைச் சுமந்தவர்கள் அவர்கள்தான் என்பது என் தீர்ப்பு.

இன்று அதே வட்டார மில்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஃபிரேம் ஓட்டுகிறார்கள். வேலை விதிகளான நிலையாணைகளைப் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் நுழைவாயிலில் ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பெரும்பான்மை தமிழாக இருந்தால் ஒடியாக்காரப் பையன் எதைப் படிப்பான்? ஓய்வு பெற்ற பிறகு சில மில்களில் பயிற்சி வகுப்பு எடுக்கப் போனேன். ஒரு மில்லில் எல்லா அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. “நீல டிக் விழுந்துவிட்டால் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம் சார்” என்று இளம் அலுவலர் ஒருவர் எனக்குக் காட்டினார். நான் அவரை அழைத்துக்கொண்டு ஸ்பின்னிங்குக்குப் போய், அன்று காலை வந்த அறிவிப்பில் என்ன இருந்தது என்று ஏழு பேரிடம் கேட்கச் சொன்னேன். இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள்.

நாளைக்கு நீங்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டப்போகிறீர்கள் என்றால், ஒட்டும் முன் அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போங்கள். அது யாருக்காக எழுதப்பட்டதோ அவரில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். என்ன விளங்கியது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதைக் கோப்பில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.